நோவில்லாத நாள்

கடுகண்ணாவை ஏற்றத்தில் மரக்கறி லொறிகள் முக்கி முனகி ஏறத் தொடங்கினால் விடியப்போகிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் பாலம்மா எழும்புவாள். அடுப்பை மூட்டி, பெரிய சட்டியில் தண்ணீரை ஏற்றிவிட்டு, முதல்நாள் வறுத்து வைத்த சிவப்பரிசி மாவில் கொதிதண்ணீரை ஊற்றிக் குழைப்பாள். கை பொறுக்காத சூட்டில் பிழிந்தால்தான் இடியப்பம் நூல் நூலாக விழும். ஆறவிட்டால் முறிந்து போகும். ரோட்டோரத்துச் சாப்பாட்டுக் கடைகளும், கோச்சி வந்து நிற்கிற ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையும் அவளுடைய இடியப்பத்தை நம்பித்தான் காலையில் கதவு திறந்தன.

முதல் ஈடு வேகும்போதே அவள் புருஷன் லெட்சுமணன் பேக்கரியிலிருந்து வந்துவிடுவான். அவனுக்குப் போறணை வேலை. ரப்பர் விறகு போட்டுச் சூடேற்றிய செங்கல் போறணைக்குள் நீளமான மரத்துடுப்பால் பாண் ரொட்டித் தட்டுகளைத் தள்ளி, வெந்ததும் இழுக்க வேண்டும். மற்றவர்கள் அந்தச் சூட்டுக்குப் பயந்து மா குழைக்கிற மேசைக்குப் போகத் தவம் கிடந்தார்கள். லெட்சுமணன் மட்டும் போறணை வாயை விட்டு நகரமாட்டான். சிங்கள முதலாளிக்கு அதனாலேயே அவன்மேல் பிரியம். மாதத்தில் சில நாள் வராமல் போனாலும் வேறு ஆளைப் போடவில்லை.

ஒல்லியான மனுஷன். கண்ணின் வெள்ளையில் எப்போதும் லேசாக மஞ்சள் பூத்திருக்கும். ஒரு காலைக் கொஞ்சம் பதனமாக ஊன்றி நடப்பான். வருஷத்தில் நாலைந்து தடவை, அதுவும் மழை இறங்கிக் குளிர் பிடிக்கிற காலத்தில், அந்த நோவு வரும். வந்தால் பாயில் கிடந்து புழுவாகத் துடிப்பான். பல்லைக் கடித்துக் கடித்து ஒரு கடைவாய்ப் பல்லே உடைந்திருந்தது. சின்ன வயதில் வாதம் என்றார்கள், பிறகு பித்தம் என்றார்கள், ஒரு சாமியாடி ஏழரைச் சனி என்றார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கண்டியில் ரத்த நோய்க் கிளினிக் நடத்துகிற டொக்டர் கமலாசனிதான் சரியான பெயரைக் கண்டு சொன்னாள்.

“சிக்கிள் செல் எண்டு சொல்லுறது. எங்கட ரத்தத்தில சிவப்பணு எல்லாம் பணிஸ் மாதிரி உருண்டையா இருக்கும். இவருக்கு அது அரிவாள் மாதிரி வளைஞ்சு போகுது. வளைஞ்சது சின்ன நரம்புகளுக்குள்ள சிக்கி வழியை அடைச்சுப்போடும். அதுதான் இந்த நோ.”

கமலாசனி யாழ்ப்பாணத்துக்காரி. சண்டையால் வடக்குப் பாதை பூட்டிக் கிடந்ததால் ஊரில் இருந்த தாயைப் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. அம்பிட்டியவில் ஒரு அறை எடுத்துத் தனியே இருந்தாள். அவள் பேசுகிற தமிழ் பாலம்மாவுக்கு முதலில் பாதிதான் விளங்கியது. ஆனால் அந்த டொக்டர் லெட்சுமணனின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியதைக் கண்டதுமே, இது நம் ஆள் என்று பாலம்மா முடிவு கட்டிவிட்டாள்.

அப்படி முடிவு கட்டக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருஷம், நோவு முற்றி வேறோர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது, அங்கே கடமையில் இருந்த டொக்டர் லெட்சுமணனின் கையில் பழைய ஊசி அடையாளங்களைப் பார்த்தார். லெட்சுமணன் வலியில், போன தடவை நோவை அடக்கிய ஊசியின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டான். அது போதுமாக இருந்தது.

“ஊசிக்குப் பழகின ஆள்,” என்று அவர் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார். பிறந்த ஊர் எது, காலில் என்ன காயம், எங்கே பட்டது என்று கேள்வி வேறு பக்கம் போயிற்று. சண்டை நடந்த அந்த வருஷங்களில் கால் தாங்கி நடக்கிற ஒரு தமிழனுக்கு அந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. பாலம்மா சிமெந்துத் தரையில் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டாள். அவளிடம் காட்ட ஒன்றுமே இல்லை. வெட்டுப்பட்டால் ரத்தம் தெரியும். காய்ச்சல் என்றால் கருவி சொல்லும். நோவை எதை வைத்துக் காட்டுவது? அன்றைக்கு ஊசி கிடைக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

ஆகையால், அந்த வைகாசியில் லெட்சுமணன் மறுபடி நோவில் விழுந்து கமலாசனியின் வார்டில் கிடந்தபோது, டொக்டர் வந்து சொன்ன விஷயம் அவனைவிடப் பாலம்மாவுக்குத்தான் பெரிதாகப் பட்டது.

“லெட்சுமணன், நான் ஒரு ஆராய்ச்சி செய்யிறன். விருப்பமெண்டால் சேரலாம். இல்லையெண்டாலும் உங்கட வைத்தியம் ஒண்டும் குறையாது,” என்றாள் டொக்டர், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. “ரத்தத்தில புரதம் எண்டு எத்தினையோ வகை இருக்கு. நோ வரேக்க அதில சிலது கூடுது, சிலது குறையுது எண்டு நினைக்கிறம். எது எண்டு ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. அதுதான், நோ உள்ள நாளில கொஞ்ச ரத்தம், நோ இல்லாத நாளில கொஞ்ச ரத்தம் எடுத்து, ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பாக்கப்போறம்.”

பாலம்மா இடையில் புகுந்தாள். “அப்ப, ரத்தத்தப் பாத்தே இவருக்கு வலிக்குதுன்னு சொல்லிருவீங்களா டொக்டரம்மா?”

“ஒரு நாளைக்குச் சொல்ல ஏலும் எண்டு ஆசை. இப்ப ஏலாது.”

“சொன்னா, காயிதத்துல எழுதிக் குடுப்பீங்களா? கையில வச்சிக்கிட்டா நல்லதுங்க. கேக்குறவங்ககிட்ட நீட்டிறலாம்.”

கமலாசனி அவள் பக்கம் திரும்பினாள். “அதுக்குத்தான் பாலம்மா நானும் இதைத் தொடங்கினது,” என்றாள்.

அன்றைக்கே நோவுள்ள ரத்தத்தை எடுத்துக்கொண்டாள். ஒரு மாதம் போகட்டும், நோவு முழுக்க விட்டபிறகு, நல்லாக இருக்கிற ஒரு நாள் பார்த்து வாங்கோ என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு மாதம் போயிற்று. லெட்சுமணன் வேலைக்குப் போனான், வந்தான், இடியப்பப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். பாலம்மாவின் கண்ணுக்கு நல்லாகத்தான் இருந்தான்.

“நாளைக்குப் போவோமா?” என்று கேட்பாள்.

“நாளைக்கு ஓடர் கூட இருக்கு புள்ள.”

“அப்ப வியாழக்கெழம?”

“பாப்போம்.”

பிறகு மழை என்றான். பிறகு பஸ்ஸில் சோதனை என்றான். அது பொய்யில்லை. அந்த வருஷம் பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. கண்டிக்குப் போகிற வழியில் எங்கே இறக்குவான்கள், எவ்வளவு நேரம் நிற்க வைப்பான்கள் என்று தெரியாது. பேக் கொண்டுபோனால் அதைத் திறந்து கொட்ட வேண்டும். ஆனாலும் சனம் வேலைக்குப் போகாமலா இருந்தது?

அவர்களிடம் அப்போது போன் இல்லை. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த பஸீஹாவின் நம்பரைத்தான் கிளினிக்கில் கொடுத்திருந்தார்கள். பஸீஹா ஒரு நாள் தைத்துக்கொண்டிருந்த சட்டையோடு வேலியருகே வந்தாள்.

“பாலம்மா, டொக்டர் இண்டக்கும் கோல் எடுத்த. ஒங்கட மாப்புள்ள லெட்சுமணன் எப்ப வார எண்டு கேக்குற. நான் என்னத்த செல்லிய?”

“நானும் அதத்தான் ராத்தா தெனம் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். மனுஷன் புடிகுடுக்க மாட்டேங்கறாரு.”

“ஊசிக்குப் பயமோ தெரியா.”

“எத்தன ஊசி குத்துன ஒடம்பு அது! பயம் இல்ல ராத்தா, அக்கற இல்ல. அன்னிக்கி ஆஸ்பத்திரித் தரையில ஒக்காந்து கும்புட்டவ நானு. அவருக்கு என்னா?”

“அப்பிடிச் செல்லாதீங்க. ஆம்புளையள்ற மனசில என்ன ஈக்குதோ,” என்று பஸீஹா ஊசியைத் துணியில் குத்திக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானம் பாலம்மா சோற்றைப் போட்டுவிட்டு, கறிச்சட்டியை டங்கென்று வைத்தாள்.

“இந்த ஆராய்ச்சி நம்ம சுகந்திக்கும் நாளைக்கு ஒதவும். அவ ரத்தத்துலயும் கொஞ்சம் இருக்குன்னு டொக்டரம்மா சொல்லல? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நல்லா இருக்கும்போது போயிட்டு வர ஒங்களுக்கு என்னா கேடு?”

சுகந்தி அவர்களுடைய மகள். பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். லெட்சுமணன் சோற்றில் கோடு கிழித்துக்கொண்டு இருந்தான். மாசிச் சம்பலைத் தொடவில்லை. கடைசியில், “சரி, நீயே ஒரு நாளச் சொல்லு. வாரேன்,” என்றான்.

அவள் நல்ல வெயில் நாளாகப் பார்த்துச் சொன்னாள்.

பேராதனைக்கு முன்னால் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி, ஆம்பிளை ஒரு வரிசை, பொம்பிளை ஒரு வரிசை. லெட்சுமணன் எப்போதும் கொண்டுபோகிற தண்ணீர்ப் போத்தலை ஒரு சிப்பாய் வாங்கி முகர்ந்தான். நிறையத் தண்ணீர் குடி என்று டொக்டர் சொல்லியிருந்தாள். சிப்பாய்க்கு அது தெரியாதே. குடித்துக் காட்டச் சொன்னான். லெட்சுமணன் குடித்தான். கையைத் தூக்கச் சொன்னான். வலதுகை மேலே போனது. இடதுகை தோளுக்கு மேல் போகவில்லை. “உயர்த்து,” என்று அவன் சிங்களத்தில் அதட்டினான். பொம்பிளை வரிசையில் நின்ற பாலம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். புருஷன் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு அந்தக் கையை மெதுமெதுவாக மேலே கொண்டுபோனான். சோதனை முடிந்து பஸ்ஸில் ஏறியதும், “என்னா, கை புடிச்சிக்கிச்சா?” என்றாள். “பழய சுளுக்கு,” என்றான் அவன்.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. கமலாசனி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தாள். “வந்திட்டீங்களே! வாங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ. பாலம்மா, நீங்களும் இருங்கோ.”

ரப்பர் பட்டியை அவன் கையில் கட்டினாள். ஐஸ் பெட்டியைத் திறந்து வைத்தாள். “இதையும் போன கிழமை செக்பொயின்ற்றில திறந்து காட்டச் சொல்லிப்போட்டாங்கள். உள்ளுக்க ரத்தத்தைக் கண்டோண்ண பெடியன் பயந்து பின்னால போயிட்டான்,” என்று சிரித்தாள். பிறகு கேட்டாள். “இண்டைக்கு நோ ஒண்டும் இல்லைத்தானே?”

“இல்லீங்க.”

“சும்மா கேக்கிறன். சைபர் எண்டால் நோவே இல்லை, பத்து எண்டால் தாங்கேலாது. இப்ப எத்தினை?”

“சைபர்தாங்க.”

கமலாசனி நரம்பைத் தடவிப் பார்த்து ஊசியை எடுத்தாள். தோலுக்குக் கிட்டே வந்தபோது லெட்சுமணன் கையை இழுத்துக்கொண்டான்.

“கொஞ்சம் பொறுங்க டொக்டரம்மா.”

“என்ன, பயமே?”

“இல்லீங்க. இந்த ரத்தத்த, நோவு இல்லாத ரத்தம்னு எழுதிப் போடுவீங்களா?”

“ஓம்.”

“இத வச்சித்தான் மத்த நோயாளிகளுக்கும் கணக்குப் பாப்பீங்க?”

“எல்லாற்றையும் சேத்துத்தான் பாக்கிறது. உங்கடையும் அதுக்குள்ள வரும்.”

“அப்ப வேணாங்க. எடுக்காதீங்க. பொய்யாப் போயிரும்.”

பாலம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னா பொய்யி? நல்லாத்தானே பஸ் ஏறி வந்தீங்க?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. டொக்டரின் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நோவு இல்லாத நாளுன்னு ஒண்ணு எனக்கு இல்லீங்க. வரும் வரும்னு நானுந்தான் பாத்தேன். வரல. இவ மனசு நோகுதேன்னு பொய் சொல்லிக் குடுத்துட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன். ஊசியக் கண்டதும் முடியல.”

கமலாசனி ஊசியைக் கீழே வைத்தாள்.

“இப்ப எத்தினை?” என்றாள் கமலாசனி, மெல்ல.

“கால்ல நாலு, அஞ்சு இருக்குங்க. தோள்ல அதவிடக் கொறவு.”

“ஒவ்வொரு நாளுமே?”

“ஆமாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றது அது தாங்க முடியாமப் போகும்போதுதான். மத்த நாளெல்லாம் இது கூடவே கெடக்கும்.”

“எப்ப தொடக்கம்?”

“கல்யாணத்துக்கு முன்னயே.”

கமலாசனி ரப்பர் பட்டியை அவிழ்த்தாள். “இப்பிடியான ஆக்கள் இருக்கினம் எண்டு படிச்சிருக்கிறன்,” என்றாள். “எண்டாலும் நீங்கள் வாறநேரமெல்லாம் நோ வந்ததோ எண்டுதான் கேட்டனான். நோ போனதோ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை.”

பாலம்மா பேக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக என்னென்னவோ வந்து விழுந்தன. போறணை வாயை விட்டு நகராத மனுஷன். அந்தச் சூட்டுக்காகவா? சுகந்தி பிள்ளையாக இருந்தபோது ஒருநாளும் இடதுபக்கம் தூக்கி வைத்துக்கொள்ளவில்லையே. பாயிலிருந்து எழும்பியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். அவள் சோம்பல் என்று திட்டியிருக்கிறாள். சில நேரம் ராகமில்லாமல் எதையாவது முனகிக்கொண்டே நடப்பான். குஷியாக இருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள்.

கமலாசனி அன்றைக்கு ரத்தம் எடுத்தாள். ஆராய்ச்சிக்கு அல்ல, வேறு சோதனைக்கு. “ஒரு கப்சூல் இருக்கு. நாளாந்தம் போடவேணும். எல்லாருக்கும் கேக்கும் எண்டு சொல்லமாட்டன். மாதாமாதம் வந்து ரத்தம் காட்டவேணும். அதோட, இந்த அண்டாட நோவுக்கும் மருந்து தாறன். இதை நீங்கள் முந்தியே சொல்லியிருந்தால்...” என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டாள். “சரி. இப்பவாவது சொன்னீங்களே.”

திரும்பி வரும்போது பஸ் வேண்டாம் என்று கோச்சியில் ஏறினார்கள். பெட்டியில் ஆட்கள் குறைவு. பேராதனைப் பாலம் தாண்டி, வயல்வெளி வந்தது. பாலம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே இருந்தாள்.

“ஏங்கிட்டக்கூடச் சொல்லல,” என்றாள் கடைசியில்.

“தெனமும் வர்றத என்னாத்தச் சொல்றது புள்ள?”

“நானும் தெனமுந்தான் இடியப்பம் புழியிறேன். கை சுடுதுன்னு தெனமுந்தான் சொல்றேன்.”

அவன் சிரித்தான். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. கொஞ்ச தூரம் கோச்சி ஓடியபிறகு சொன்னான்.

“எண்பத்து மூணு ஆடியில எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்கு நெருப்பு வச்சாங்கள்ல. நான் சின்னப் பையன். எல்லாரும் தேயிலைக்குள்ள ஓடி, கானுக்குள்ள படுத்துக்கிட்டோம். கான்னா தண்ணி ஓடுற கானு. மழ. கழுத்து வரைக்கும் ஈரம். அந்தக் குளுருக்கு எனக்கு நோவு வந்திருச்சு. அம்மாடி, அதுக்கு முன்னுக்கு அப்பிடி வந்ததே இல்ல. கத்தப் போனேன். எங்கப்பா கையால என் வாயப் பொத்திக்கிட்டாரு. மேல ரோட்டுல அவங்க பேசுறது கேக்குது. ‘சத்தம் போடாதடா தம்பி, சத்தம் போட்டா எல்லாரும் போயிருவோம்’னு காதுக்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்தாரு. அவரும் அழுதாரு. கண்ணீரு என் காதுல விழுந்துச்சு. வெளிச்சம் வர்ற வரைக்கும் பொத்துன கைய எடுக்கல.”

பாலம்மா திரும்பிப் பார்த்தாள்.

“அவரு மேல கொற சொல்லல,” என்றான் லெட்சுமணன். “அன்னிக்கி அவரு பொத்துனதாலதான் எல்லாரும் இருக்கோம். ஆனா அதுக்கு அப்புறம் நோவு வந்தா வாய் தானா மூடிக்குது. முழுசா முடியாமப் போனாத்தான் தெறக்குது. நான் வேணும்னு மறைக்கல, பாலா.”

அவன் இடது தோளில் கையை வைக்கப் போனவள், வைக்கலாமா என்று தெரியாமல் நிறுத்தினாள். அவனே அந்தக் கையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு சில நாள் அவள் படுத்திய பாடு சொல்லி முடியாது. அவன் அசைந்தால், “எத்தன?” என்பாள். எழும்பினால், “எத்தன?” கடைக்குப் போய் வந்தால், “இப்ப எத்தன?” ஒரு நாள் அவன் பொறுக்க மாட்டாமல், “பாத்துக்கிட்டே இருக்காத புள்ள. அது வேற நோவுது,” என்றான். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். இடியப்பம் அவித்து முடிந்ததும் சட்டியில் மிஞ்சுகிற சுடுதண்ணீரைப் போத்தல்களில் அடைத்து, பழைய சேலைத்துணி சுற்றி, அவன் படுக்கிற இடத்தில் கால் பக்கமும் தோள் பக்கமும் வைத்தாள். அவனும் அவற்றை அணைத்துக்கொண்டு தூங்கினான். சில நாள் அவனாகவே, “இன்னிக்கி அஞ்சு,” என்பான். அந்த நாளில் இடியப்பப் பெட்டியை அவளே சைக்கிளில் தள்ளிக்கொண்டு போவாள்.

மாதாமாதம் கிளினிக் போனார்கள். கப்சூல் வேலை செய்கிறதோ இல்லையோ என்று பார்க்கவே காலம் பிடிக்கும் என்றாள் டொக்டர். ஐப்பசி மழைக்கு வரவேண்டிய பெரிய நோவு வரவில்லை. அது ஒன்றே அவர்களுக்குத் தீபாவளியாக இருந்தது. ஒரு தடவை பாலம்மா அந்தக் காயிதத்தைப் பற்றிக் கேட்டாள்.

கமலாசனி தலையை ஆட்டினாள். “ரத்தம் இன்னும் வாய் திறக்கேல்லை, பாலம்மா. ஒரு புரதம் சிலருக்குக் கூடுது, சிலருக்குக் கூடவே இல்லை. இன்னும் எத்தினையோ வருசம் எடுக்கும். அதுமட்டும் ஆள் சொல்லுறதுதான் அளவு. அதைவிட நல்ல அளவு இண்டைக்கு ஒருத்தரிட்டையும் இல்லை.” பிறகு தன் போன் நம்பரைச் சொல்லி மனப்பாடம் செய்ய வைத்தாள். “ஆரும் நம்பாட்டி எனக்கு எடுங்கோ. எந்த நேரமெண்டாலும்.”

மாசி மாதம் பிறந்தது. வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்தது. ரேடியோவில் தினமும் ஊர்களின் பெயரைச் சொன்னார்கள். கமலாசனி இளைத்துக் கருத்துப் போயிருந்தாள். கண்டிப் பக்கமோ வெயில் கண்ணாடியாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலை பாலம்மா கடைசி ஈட்டை இறக்கிவிட்டு வெளியே வந்தால், பைப்படியில் லெட்சுமணன் நின்று, பச்சைத் தண்ணீரில் தன் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தான். காலை நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் பக்கமே போகாதவன்.

“ஐயோ, என்னா வேலை இது? கைய எடுங்க!” என்று ஓடினாள்.

“இரு புள்ள.” அவன் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. “இன்னிக்கி இல்ல.”

“என்னா இல்ல?”

“நோவு. போறணைய விட்டு வந்ததுல இருந்து தேடித் தேடிப் பாக்குறேன். எங்கயுமே இல்ல.”

பாலம்மா அப்படியே பைப்படிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் பைப்பைப் பூட்டவில்லை.

“பேக்கரிக்குப் போகாதீங்க இன்னிக்கி,” என்றாள். “சும்மா இருங்க. இல்லாட்டி எங்கயாவது போவோம். சுகந்தி வந்ததும் மூணு பேரும் குண்டசாலை மாமா வீட்டுக்குப் போவோம். ஆத்துல எறங்கணும்னு ஒருதரம் சொன்னீங்கள்ல?”

“டொக்டரம்மாகிட்டப் போவோம்.”

“இன்னிக்கா? இந்த ஒரு நாளையும் ஊசிக்கா குடுக்கணும்?”

“பாதி ரத்தம் குடுத்துட்டு நிக்கிறேன் புள்ள. மத்தப் பாதியக் குடுத்தாத்தானே அதுக்கு ஒரு பெறுமதி. இன்னொரு நாள் இப்பிடி வருமோ என்னமோ. வா, மத்தியானத்துக்குள்ள போயிருவோம்.”

பஸீஹாவின் போனில் டொக்டருக்குச் சொன்னார்கள். “உடன வாங்கோ, நான் நிக்கிறன்,” என்று மறுமுனையில் அவள் கத்தியது வேலிக்கு இந்தப் பக்கமே கேட்டது. பஸீஹா, “அல்லாட காவல்ல போய்ட்டு வாங்க,” என்று அனுப்பினாள்.

பிலிமத்தலாவை தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் கண்ணுக்கெட்டும் தூரம் வாகனங்கள். எங்கேயோ எதையோ கண்டெடுத்தார்களாம், பாதை பூட்டியாயிற்று என்றார்கள். எல்லோரையும் இறக்கி, அட்டைகளைப் பார்த்து, ரோட்டோரத்தில் இருக்கச் சொன்னார்கள். யாரும் அங்குமிங்கும் போகக்கூடாது, எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது. ஒரு பலாமர நிழலில் சனம் நெருக்கியடித்து உட்கார்ந்தது. ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு யாரோ குடை பிடித்தார்கள். பாலம்மா வேரில் பேக்கை வைத்து லெட்சுமணனை உட்காரச் சொன்னாள். கொண்டுவந்த இடியப்பத்தையும் கட்டச் சம்பலையும் இலையில் விரித்தாள். அவன் ரசித்து ரசித்துச் சாப்பிட்டான். பக்கத்தில் இருந்த சிங்களக் கிழவருக்கும் இரண்டு கொடுத்தான்.

வெயில் நடுவானுக்கு வந்தது. கிளினிக் மூடுகிற நேரம் கடந்து போயிற்று.

“இன்னிக்கி நடக்காது போல,” என்றான் லெட்சுமணன்.

“இருக்கட்டும். இப்ப எப்பிடி இருக்கு?” கேட்டுவிட்டுத்தான் நாக்கைக் கடித்தாள்.

“இன்னும் இல்ல.” அவன் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னான், சத்தமாகச் சொன்னால் கலைந்துவிடும் போல. “ஒடம்பு லேசா இருக்கு பாலா. எங்க வைக்கிறதுன்னே தெரியல.”

அவள் சிரித்துக்கொண்டு தோளைக் காட்டினாள். அவன் தலையைச் சாய்த்தான். கொஞ்ச நேரத்தில் அவன் மூச்சு நிதானமாக வரத் தொடங்கியது. கல்யாணமான பதினாலு வருஷத்தில் இப்படி அவன் தூங்கி அவள் பார்த்ததில்லை. நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை. பல்லைக் கடித்திருக்கவில்லை. வாய் லேசாகத் திறந்து கிடந்தது. ரோட்டில் லொறிக்காரன் ஹோன் அடித்தான், யாரோ சண்டை போட்டார்கள், ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்தது. அவன் அசையவில்லை. அவளுக்குத் தோள் மரத்துப் போயிற்று. அவளும் அசையவில்லை.

ஒரு சிப்பாய் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். இளம் பையன், முகமெல்லாம் வியர்வை. லெட்சுமணனைக் கண்டதும் நின்றான். துவக்கைத் தோளில் மாற்றிக்கொண்டு, எழுப்பப் போவதுபோலக் குனிந்தான். பாலம்மா கையை நீட்டித் தடுத்தாள். தடுத்தபிறகுதான் யாரைத் தடுத்தோம் என்று பயம் வந்தது.

சிப்பாய் அவள் முகத்தையும், தூங்குகிறவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அசனீபத?” என்று கேட்டான். ஆளுக்குச் சுகமில்லையா என்கிறான்.

“நே மாத்தயா,” என்றாள் பாலம்மா, தூங்குகிறவன் காதில் விழாதபடி. “அத சனீப்பாய்.”

இல்லை ஐயா, இன்றைக்குச் சுகம்.